மூன்று டெசிபல்

மன்னார் வளைகுடாவின் அடித்தரையில் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மீனழைப்பி இரவும் பகலும் ஒலித்துக்கொண்டிருந்தது. உயிருள்ள பவளத்திட்டில் இறால்கள் சொடுக்குவதையும் மீன்கள் உறுமுவதையும் பதிவுசெய்து, செத்த திட்டுகளின்மேல் ஒலிக்கவிடும் கருவி அது. நடுக்கடலில் மிதக்கும் குஞ்சுகள் அந்தச் சத்தத்தை நம்பி வந்து குடியேறும். பதினைந்து ஆண்டுகளாக இந்தியா, இலங்கை என இரண்டு கரைகளும் அதை நம்பித்தான் வலை வீசின.

அது பொய் என்று சொல்லத்தான் லூர்தினா மச்சாது கொழும்பு மாநாட்டுக்கு வந்திருந்தாள். தூத்துக்குடிக்காரி, அங்கே மீன்வளத் துறையில் ஆய்வாளர், வயது இருபத்தெட்டு. காலையிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இரண்டு முறை முகம் கழுவினாள். பிறகு மேடையேறினாள்.

பன்னிரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தாள். மீன் பெருகவில்லை, இடம்தான் மாறியது. உயிர்த்திட்டில் பிறந்த குஞ்சுகளைச் செத்த திட்டின் சத்தம் இழுத்துக்கொள்கிறது. அங்கே இரை கிடையாது. மூன்று வாரத்தில் பத்தில் ஆறு பட்டினியில் சாகின்றன. எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும்.

அரங்கம் கைதட்டியது. இலங்கைப் பக்கத்து மன்னார்க் கரையின் மீன்வள ஆலோசகர் குகநேசன் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். பக்கத்து அழைப்பியிடமிருந்து குஞ்சுகளை இழுக்க எவ்வளவு கூடுதல் சத்தம் வேண்டும்?

லூர்தினா உண்மையைச் சொன்னாள். மூன்று டெசிபல். அந்த வரைபடத்தைத் திரையில் காட்டியதும் வரிசை வரிசையாகக் கைபேசிகள் உயர்ந்தன. அந்த எண்ணை எதற்காகப் படமெடுக்கிறார்கள் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அடுத்த படத்துக்குப் போவதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

தாழ்வாரத்தில் குகநேசனை ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"அண்ணே, நான் சொன்னது அதுக்கில்ல."

"தெரியும் தங்கச்சி. நீங்கள் சொன்னது முழுக்கச் சரி." அவர் குரலில் கேலி இல்லை. "ஆனா நான் நிப்பாட்டினா என்ர சனத்துக்கு மீன் இல்லை. உங்கட ஆக்கள் முதல்ல நிப்பாட்டட்டும். அடுத்த நாளே நானும் நிப்பாட்டுறன்."

அது நியாயமாகத்தான் பட்டது. அங்கேயே நின்று, தூத்துக்குடியில் தன் துறை இயக்குநரை அழைத்தாள். முதலில் நம் பக்கம் நிறுத்திவிடலாம் என்று கெஞ்சும் எண்ணத்தில் வாய் திறந்தாள். அவர் முந்திக்கொண்டார். உரையை நேரலையில் முழுதாகப் பார்த்தாராம். அலுவலகமே எழுந்து நின்று கைதட்டியதாம்.

"அந்த ஆளு கேட்ட கேள்வியிலயே புரிஞ்சுபோச்சும்மா. அவங்க மூணு கூட்டப் போறாங்க. நாங்க இப்பவே நாலு கூட்டிட்டோம்."

லூர்தினா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"சார், அவங்க அஞ்சு வெச்சா?"

"அதுக்கும் ஒரு ஆய்வு போட்டுரலாம்மா," என்றார் இயக்குநர் அன்பாக. "நீயே பண்ணு."