ஒன்பதாம் தேதிப் பூ

போன் அலறியது.

பெரிய மாப்பிள்ளை எடுத்தார்.

மனைவி!

"என்னங்க... விஷயம் தெரியுமா? என் தங்கச்சி வீட்டுக்காரர் புதுசா ஏதோ ஒரு பூ கண்டுபிடிச்சிருக்காராம். பேப்பர்ல எல்லாம் பேர் வருமாம்!"

"யார் சொன்னா?"

"அவதான். தலைகால் புரியாம ஆடறா. நீங்களும் இருபது வருஷமா அதே ஆபீஸ்லதான் காய்ஞ்ச செடியை அட்டையில ஒட்டிக்கிட்டு இருக்கீங்க..."

டக்! போனை வைத்துவிட்டார்.

வயிறு எரிந்தது. அந்தச் சூட்டில் ஒரு கல்யாணத்துக்கே சமைத்திருக்கலாம்!

தாவர ஆராய்ச்சி நிலையத்தில் அவர் மூத்த நிபுணர். அக்காவைக் கட்டியவர். தங்கையைக் கட்டிய சின்ன மாப்பிள்ளைக்கு அடுத்த அறை, அதே வேலை. ஆனால் கார் முதலில் வாங்கியவன் சகலை. பிரமோஷன் முதலில் வாங்கியவனும் சகலை. மாமனார் வீட்டில் முதல் காபிகூட சகலைக்குத்தான்!

இந்த முறை விடுவேனா?

பெரிய மாப்பிள்ளை மேஜை டிராயரைத் தடவிப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

கதவு தட்டப்பட்டது.

போலீஸ்!

"நான் இன்ஸ்பெக்டர். ஒரு பிணத்தோட கையில இது இருந்தது. என்ன பூன்னு நீங்கதான் சொல்லணும்."

மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே தண்டு முறிந்த, வாடிய ஆரஞ்சு நிறப் பூ.

பெரிய மாப்பிள்ளை கவர் மேல் குனிந்தார்.

அந்தப் பூ!

லென்ஸை எடுத்தார். தேவையே இல்லை. இருந்தாலும் எடுத்தார்.

"பார்க்க ஒரு பூ மாதிரி இருக்கும் சார். ஆனா நாற்பது அம்பது பூ சேர்ந்த கொத்து இது. ஒவ்வொரு இதழ் நுனியிலும் அஞ்சு பல். தண்டு முழுக்க கறுப்பு முடி. நம்ம நாட்டுச் செடியே கிடையாது."

"அப்புறம்?"

"வெளிநாட்டுக் களை. லாரி டயர்ல, தானிய மூட்டையில ஒட்டிக்கிட்டு வந்துடும். ரோட்டோரமா, மண்ணைத் தோண்டிப் போட்ட இடமாப் பார்த்து முளைக்கும். இதுவரைக்கும் இங்க யாருமே பதிவு பண்ணினதில்ல. முதன்முதல்ல கண்டுபிடிச்சதே நான்தான்!"

டிராயர் திறந்தது. பெரிய வெள்ளை அட்டை. அதில் வேரோடு அழகாக ஒட்டிய செடி. மூலையில் லேபிள்.

இன்ஸ்பெக்டர் படித்தார்.

"இடம், பைபாஸ் ரோடு பதினாலாவது கல். நாள், ஒன்பது. நீங்களே போய்ப் பறிச்சீங்களா?"

"என் கையால!"

"தனியாவா?"

"தனியா! பங்குக்கு ஒருத்தனும் கிடையாது!"

"ஒன்பதாம் தேதிதானே? நல்லா ஞாபகம் இருக்கா?"

"சத்தியமா!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இது வாயைத் திறந்து கச்சேரியே நடத்தியது!

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"செத்தது யார் தெரியுமா? ரிட்டையர்ட் போஸ்ட்மாஸ்டர். சைக்கிள்ல சுத்திச் செடி பறிப்பாரே..."

"அந்தச் செடிப் பைத்தியமா! இங்ககூட அடிக்கடி வருவாரே... ஐயையோ! எங்க?"

"பைபாஸ் ரோடு. பதினாலாவது கல். ஒன்பதாம் தேதி சாயங்காலம் வீட்டை விட்டுக் கிளம்பினவர், மண்டை உடைஞ்சு கிடந்தார்."

பெரிய மாப்பிள்ளை லேபிளை உள்ளங்கையால் மூடினார்.

"பத்தாம் தேதி காலைல புல்டோசர் வந்து மண்ணைத் தள்ளி அந்த இடத்தையே மூடிடுச்சு. பிணமும் உள்ள போயிடுச்சு. இன்னிக்குக் கால்வாய்க்குத் தோண்டும்போதுதான் கிடைச்சது. ரோடு முழுக்க தேடிட்டோம். இந்தச் செடி வேற எங்கயும் இல்ல. அப்போ, இது யார் கையில இருக்கோ, அவர் ஒன்பதாம் தேதியோ அதுக்கு முன்னாடியோ அங்க இருந்திருக்கார்... கிளம்பலாமா?"

"சா... சார்!"

இரண்டே வழி. கொலைகாரன் என்று ஒப்புக்கொள்ளலாம். அல்லது, சகலைதான் முதலில் கண்டுபிடித்தான் என்று ஒப்புக்கொள்ளலாம்.

நம்புங்கள்... ஒரு முழு நிமிஷம் யோசித்தார்!

"நான் திருடன் சார்! கொலைகாரன் இல்ல! நேத்து சகலை சாப்பிடப் போனப்ப, அவர் மேஜையில இருந்து ஒரு செடியை எடுத்துட்டேன். அவர் லேபிள்ல பன்னெண்டாம் தேதின்னு போட்டிருந்தார். அவரை முந்தணுமேன்னு நான் ஒன்பதுன்னு..."

சட்டென்று நிறுத்தினார்.

இன்ஸ்பெக்டரும் நிமிர்ந்தார்.

"பன்னெண்டா?"

"ஆமா சார்... ஆனா பத்தாம் தேதியே புல்டோசர் போயிடுச்சே!"

இரண்டு பேரும் அடுத்த அறைக்குப் பாய்ந்தார்கள்.

சின்ன மாப்பிள்ளை எழுந்தான். "என்ன சகலை, துணைக்குப் போலீஸெல்லாம்?"

மேஜை மேல், செடிகளைக் காகிதத்தில் வைத்து நசுக்கிக் காய வைக்கும் மரச்சட்டம். பெரிய மாப்பிள்ளை அதன் பட்டையை அவிழ்த்தார். உள்ளே இரண்டு செடிகள். ஒன்று முழுசு. இன்னொன்றில்... தண்டு பாதியில் முறிந்திருந்தது. பூவைக் காணோம்!

இன்ஸ்பெக்டர் கவரிலிருந்த பூவை இடுக்கியால் எடுத்து அந்த முறிவில் வைத்தார்.

கச்சிதம்!

"மூணு செடி இருந்தது சார்," பெரிய மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "பொறாமையில, இருக்கறதுலயே நல்லதா நான் எடுத்துக்கிட்டேன். மொட்டையை அவருக்கே விட்டுட்டேன்!"

சின்ன மாப்பிள்ளை பூவையும் முறிந்த தண்டையும் மாறி மாறிப் பார்த்தான். நாற்காலியில் சரிந்தான்.

"அவர்தான் முதல்ல பார்த்தார்... காட்டறேன்னு கூட்டிட்டுப் போனார். என் பேர்ல போட்டுக்கறேன்னேன். முடியாதுன்னு செடியைப் பிடிச்சு இழுத்தார். தள்ளினேன்... பள்ளத்துல விழுந்து கல்லுல தலை... அன்னிக்கு நான் அங்க போகவே இல்லன்னு காட்டத்தான் பன்னெண்டுன்னு போட்டேன்."

"முதல்ல பார்த்தவர் மார்ச்சுவரியில இருக்கார்," என்றார் இன்ஸ்பெக்டர். "எழுந்திருங்க." வாசலில் நின்ற கான்ஸ்டபிள் வந்து அவனை ஜீப்புக்குக் கூட்டிப் போனார்.

பெரிய மாப்பிள்ளையின் அறையில் போன் அலறியது. ஓடிப்போய் எடுத்தார்.

"என்னங்க, பாதியில வெச்சுட்டீங்க! நம்ம சின்ன மாப்பிள்ளை அந்தப் பூவை நிஜமாவே உங்களுக்கு முன்னாடி கண்டுபிடிச்சாரா?"

"ஆமாம்மா! உன் தங்கச்சி வீட்டுக்காரர்தான் முன்னாடி! வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்!"

இருபது வருஷத்தில் முதல் தடவையாக அதை அவர் சந்தோஷமாகச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் தோளைத் தட்டினார்.

"எழுதித்தான் தரணும். பொய் லேபிள், திருட்டுச் செடி... எல்லாத்துக்கும் வாக்குமூலம் வேணும். நீங்களும் ஜீப்ல ஏறுங்க."

பெரிய மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்கு வந்தார். ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

வயிறு மறுபடியும் பற்றிக்கொண்டது.

பாவி... ஜன்னலோர சீட்டையும் சகலையே பிடித்துவிட்டான்!