கழற்றி வைத்த இரும்பு

லோகினியின் இடுப்புக் கயிற்றை அவிழ்த்ததுமே அறையில் புளித்த ரப்பர் பாலின் வாடை அடித்தது. ஈப்போ டவுனின் நடுவில், ஏர்கோன் ஓடுகிற கிளினிக்கில், தோட்டத்து வாடை. மிஷினைத் தட்டிக்கொண்டிருந்த டெக்னீஷியன் தனேஸ்வரன் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. தனக்கு மட்டும்தான் அடிக்கிறதோ என்று தாய் கலாதேவிக்குச் சந்தேகமாக இருந்தது.

கயிற்றில் கோத்திருந்தது பால்வெட்டுக் கத்தியின் முனை. மகளுக்குத் தலாசீமியா. மாதாமாதம் ஊரார் ரத்தம் ஏறுகிற உடம்பை எதுவும் அண்டக்கூடாதென்று சிம்பாங் பூலாய்ப் பக்கம் தோட்டத்து முனியாண்டி கோயில் பூசாரி கட்டிவிட்டது. புதுசைக் கட்டிய பிறகுதான் பழசை அவிழ்க்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் ஏற்றிய ரத்தத்தின் இரும்பெல்லாம் பிள்ளையின் கல்லீரலில் தேங்கிவிட்டது. அது குறையாவிட்டால் இதயம் தாங்காது என்றார் டாக்டர். ஊசி குத்தாமல், காந்தத்தாலேயே அதை அளக்கிற புது மிஷின் இது.

“ஒடம்புல துண்டு இரும்பும் இருக்கக்கூடாதுக்கா. சிகிட் நேரந்தான்லா, கொஞ்ச நேரம்,” என்று தனேஸ்வரன் கத்திமுனையை வெளியே வைத்துவிட்டு வந்தான்.

சென்சரைப் பிள்ளையின் வயிற்றில் வைத்தான். திரையில் இரும்பின் அளவு பதினெட்டு. பிறகு பதினைந்து. பன்னிரண்டு.

“கொறையுதா தம்பி?” கலாதேவி திரையை எட்டிப் பார்த்தாள். எத்தனை நாள் கும்பிட்ட கும்பிடு!

“இப்படிக் கொறையாதேக்கா. மிஷின் ரோசாக், கெட்டுப்போச்சு போல.”

சரிபார்க்கச் சென்சரைத் தூக்கினான். வெறும் காற்றில் எண் பூஜ்யத்துக்கு வர வேண்டும். வரவில்லை. ஒரு சாண் உயரத்தில் ஆறு என்றது. ஏழு. ஒன்பது.

“மா, கனமா இருக்கு,” என்றாள் லோகினி.

“எடுத்துட்டாங்கம்மா. மேல ஒண்ணும் இல்லலா.”

“இருக்கு.”

கலாதேவிக்குப் பயத்தைவிடத் தன்மேல்தான் ஆத்திரம் வந்தது. ஒரு புதுக் கயிறு வாங்க முடியாமலா போனது!

“கத்திய எடுத்துட்டு வா தம்பி! ஓடு!”

தனேஸ்வரன் சென்சரைப் போட்டுவிட்டு ஓடினான்.

அது கீழே விழுந்த சத்தம் கேட்கவில்லை.

அவள் மகளை வாரி எடுக்கப் பார்த்தாள். அசைக்க முடியவில்லை. உதடு வெளுத்திருந்தது. வாடை குமட்டியது. திரையில் பதினாறு. பதினேழு.

பதினெட்டு.

நிமிர்ந்தாள்.

பிள்ளையின் வயிற்றுக்கு ஒரு சாண் மேலே, எதன்மீதோ வைத்ததுபோல் சென்சர் நின்றது. மெல்ல ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது, உண்ட மயக்கத்தில் தூங்குகிறவர் வயிறு போல.

அதன் கீழே லோகினியின் வயிறு அசையவில்லை.