ஏழாம் கட்டில்

மணி மூன்றரைதான் ஆகியிருந்தது. ஆனால் சுவரில் தொங்கிய அட்டவணையில் நான்கு மணிக்கான கட்டங்களில் அதற்குள் டிக் விழுந்திருந்தது.

ஜாய்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கீழ்வேளூர்ப் பக்கத்து முதியோர் இல்லம் அது. அவள் ஆய்வுக்கு வந்திருந்த அதிகாரி. அசைய முடியாதவர்களை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். புரட்டியபின் போடவேண்டிய டிக்கைக் காலையிலேயே மொத்தமாகப் போட்டுவிடுவது இங்கே வழக்கம். கண்டிக்க அவளுக்கு வாய் ஏது? போன ஐப்பசி மழையில் கீழே டீயும் வடையுமாக உட்கார்ந்து, மாடி ஏறாமலே 'அனைவரும் நலம்' என்று எழுதியவள் அவள்தான். பதினெட்டாம் நாள் ஏழாம் கட்டில் ராமாயி செத்துப்போனாள். முதுகில் எலும்பு தெரிந்ததாம்.

அன்றிலிருந்து ஜாய்ஸுக்குச் சரியான தூக்கமில்லை. இந்தத் தடவை ஒவ்வொரு முதுகையும் கண்ணால் பார்க்காமல் போவதில்லை என்று கர்த்தரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஆனால் பழக்க தோஷம், ஆய்வுப் படிவத்தில் ஜீப்பிலேயே கையெழுத்துப் போட்டு நர்ஸ் செந்தாமரையிடம் கொடுத்துவிட்டாள்.

மாடியில் படுத்திருந்த ஆறு பேரின் முதுகையும் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"ஒத்த ஆளா இவங்களை எப்படிம்மா புரட்டுறீங்க?"

செந்தாமரை தலையைக் குனிந்துகொண்டாள். "பொய் சொல்ல மாட்டேன் மேடம். நாங்க தொடுறதே இல்லீங்க. ராமாயி அம்மா போனதுலேர்ந்து, டிக் போட்ட நேரத்துக்கு அவங்களே திரும்பிடுறாங்க."

"கை கால் வராதவங்களா?"

"நாலு மணிக்கு நான் இங்க நிக்க மாட்டேங்க. நீங்களும் கீழ வந்துடுங்க."

"ஏழாம் கட்டில் காலி. அதுக்கு எதுக்கு நாலு மணிக்கு மட்டும் ஒரு டிக்?"

செந்தாமரை அட்டவணையைப் பார்த்தாள். "ஏழுக்கு நாங்க போடலீங்க," என்றவள் படி இறங்கிப் போய்விட்டாள்.

ஜாய்ஸ் போகவில்லை. நாற்காலி இல்லாததால், அட்டவணை தொங்கிய சுவரை ஒட்டியிருந்த அந்த ஏழாம் கட்டிலிலேயே உட்கார்ந்தாள். வெளியே மழை சம்பா வயல்களின் மேல் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியே வந்த சேற்று வாடை அறையின் டெட்டால் நெடியோடு கலந்தது, அவற்றுக்கு அடியில் அழுகிய பழம்போல இன்னொரு வாடை, அது ஜன்னலிலிருந்து வரவில்லை. விரிப்பு வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல.

மணி நான்கு.

முதல் கட்டில் கிறீச்சிட்டது. அதிலிருந்த கிழவரின் தோளிலும் இடுப்பிலும் போர்வை அமுங்கியது. பத்து விரல் தடம். மெதுவாக, பக்குவமாக, அவர் ஒருக்களித்தார். கண்கள் விழித்தபடியே இருந்தன.

இரண்டாவது. மூன்றாவது.

எழுந்து ஓட நினைத்தாள். கால் வரவில்லை.

நான்கு. ஐந்து.

கத்தினாள். சத்தம் வரவில்லை.

ஆறு.

தோளில் ஒரு கை. இடுப்பில் ஒரு கை. சில்லென்று. அவளைச் சாய்த்தன. சுவர் பக்கமாகத் திருப்பின. தலையணையைக்கூடச் சரிசெய்துவிட்டுப் போயின.

வெகுநேரம் கழித்துச் செருப்புச் சத்தம். செந்தாமரை.

"மேடம்?" குரல் ஏழாம் கட்டிலின் அருகிலேயே கேட்டது. "இங்க இல்லியே... போயிட்டாங்க போலிருக்கு." படிவத்தில் பேனா உரசும் சத்தம். எழுதுவதை அவள் வாய்விட்டே சொன்னாள்: "அனைவரும் நலம்." பிறகு செருப்புச் சத்தம் படி இறங்கியது.

ஜாய்ஸின் முகத்துக்கு நேரே அட்டவணை தொங்கிக்கொண்டிருந்தது. விலாவுக்கு அடியில் விரிப்பு லேசாக நனையத் தொடங்கியது. ஏழுக்கு எதிரே, ஆறு மணிக் கட்டம் காலி. எட்டு மணியும் காலி. அதற்கப்புறம் மாதக் கடைசிவரைக்கும் எல்லாக் கட்டமும் காலி.