ரொட்டியைக் கண்டால் அலறும் பெட்டி

அந்தப் பெட்டி வந்து இறங்கிய நாள் முதல் மிளகின் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

மிளகு என்பது பட்டப்பெயர். ஆள் சின்னவள், பேச்சு காரம் என்று அப்பா வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. அவர்கள் மாடியில் குடியிருந்தார்கள். கீழே ரொட்டிக்கடை. அப்பா மாவு பிசைவார். கடையில் வேலை பார்க்கும் மாஸ்டர் மாவைச் சலித்துக் கொடுப்பார், அடுப்பையும் பார்த்துக்கொள்வார். அம்மா ரொட்டிகளை உறையில் போட்டு ஒட்டுவார். மாஸ்டர் சொந்தக்காரர் இல்லை. ஆனால் மிளகு பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பதால் அவளுக்கு அவர் மாமாதான்.

வந்து இறங்கியது ஒரு மெட்டல் டிடெக்டர். ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு பட்டை, நடுவில் குட்டி வாசல் மாதிரி ஒரு சதுரம், உச்சியில் சிவப்பு விளக்கு, பக்கத்தில் ஒரு ஹாரன். ரொட்டியைப் பட்டையில் வைத்தால் வாசலுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வரும். ரொட்டிக்குள் ஆணியோ கம்பியோ இருந்தால் பட்டை நின்றுவிடும், விளக்கு எரியும், ஹாரன் அலறும்.

இருந்தால்தானே அலற வேண்டும்? இது ஒன்றுமே இல்லாவிட்டாலும் அலறியது.

"பீஈஈஈங்ங்!"

விடியற்காலையில் முதல் ரொட்டி உள்ளே போனதுமே ஆரம்பித்தது. மாடியில் போர்வைக்குள் சுருண்டிருந்த மிளகு தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள். கீழே ஓடிவந்து பார்த்தால், அப்பா காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"அம்மாவோட வளையல்தான் காரணம். கழட்டு, கழட்டு!" என்றார் அப்பா.

அம்மா வளையலைக் கழற்றினார். அலறியது. கொண்டை ஊசியை எடுத்தார். அலறியது. அப்பா சாவிக்கொத்தைத் தூக்கித் தூரப் போட்டார். மாஸ்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றினார், பிறகு கால்சட்டை பெல்ட்டையும் கழற்றினார். அன்று முழுவதும் ஒரு கையால் ரொட்டியையும் மறு கையால் கால்சட்டையையும் பிடித்துக்கொண்டே வேலை பார்த்தார், பாவம். பெட்டி அதற்கெல்லாம் மசியவில்லை.

அப்பா அதைப் பொருத்திக் கொடுத்தவருக்குப் போன் செய்தார்.

"புது மெஷின் சார். பழகப் பழகச் சரியாயிடும்."

"மெஷின் பழகணுமா, நாங்க பழகணுமா?"

"ரெண்டு பேரும்தான் சார்" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

இத்தனை தொல்லை எதற்கு என்று கேட்கலாம். எதிர்வரிசையில் பளபளவென்று ஒரு பெரிய கடை வந்ததிலிருந்து இவர்களுக்கு வியாபாரம் படுத்துவிட்டது. அந்த நேரத்தில்தான், ஊரின் பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறை மேலாளரான ஒரு பெண்மணி வந்தார். நோயாளிகளுக்குத் தினமும் காலையில் ரொட்டி வேண்டும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு ரொட்டியும் மெட்டல் டிடெக்டர் வழியாகப் போய் வந்திருக்க வேண்டும்.

"இன்னும் ரெண்டு வாரத்துல, சனிக்கிழமை வந்து பார்ப்பேன். பிடிச்சிருந்தா ஆர்டர் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று அப்பா அம்மாவிடம் மெதுவாகப் பேசியதை மிளகு கேட்டுவிட்டாள். "இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா, மாஸ்டரை வேற இடம் பார்த்துக்கச் சொல்றதைத் தவிர வழியில்ல. எனக்கு வாய் வரமாட்டேங்குது."

மாஸ்டர் மாமா இல்லாத கடையா? அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பெட்டிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அது பாட்டுக்கு அலறியது. அலறின ரொட்டியை ஓரமாக எடுத்து வைத்து, பிய்த்துப் பார்க்க வேண்டும். அப்பா பிய்த்தார். ஒன்றும் இல்லை. அடுத்ததைப் பிய்த்தார். அதிலும் ஒன்றும் இல்லை. பிய்த்த ரொட்டியை விற்க முடியுமா? காலையில் அதுதான் சாப்பாடு, மத்தியானமும் அதுதான், ராத்திரியும் அதுதான்.

"அம்மா, கத்தாத சாப்பாடு ஏதாவது இருக்கா?" என்று மிளகு கேட்டாள்.

"உங்கப்பாவைக் கேளு. அவரோட மகாராணிதானே வந்து உட்கார்ந்திருக்கா" என்றார் அம்மா.

பள்ளியிலும் அது அவளை விடவில்லை. தூக்கக் கலக்கத்தில் மேசையில் தலை சாய்த்திருந்தபோது இடைவேளை மணி அடித்தது. மிளகு துள்ளி எழுந்து, "எடுத்து ஓரமா வைங்க!" என்று கத்தினாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர், கையிலிருந்த சாக்பீஸை ஓரமாக வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

மாஸ்டருக்கும் பொறுமை போய்விட்டது. ஒரு நாள், பிசைந்த மாவில் ஒரு உருண்டை எடுத்து ஹாரன் வாயில் அப்பிவிட்டார்.

"இப்ப கத்து பாக்கலாம்!"

பெட்டியின் குரல் அடங்கிப்போனது. எல்லோருக்கும் ஒரே குஷி. ஆனால் அது ரொட்டி மாவாயிற்றே! அடுப்படிச் சூட்டில் பொங்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் ஹாரன் வாயிலிருந்து பந்து மாதிரி உப்பி வெளியே வந்தது. அடுத்த ரொட்டி உள்ளே போனபோது, "புர்ர்ர்ர்" என்று ஒரு சத்தம். வயிறு சரியில்லாதவர்கள் போடும் சத்தம் அது. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த பால்காரர், மாஸ்டரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றார்.

"நான் இல்லீங்க! சத்தியமா மெஷின்தான்!" என்று மாஸ்டர் கெஞ்சியதை யார் நம்பினார்கள்?

அப்பா கோபத்தோடு மாவைச் சுரண்டி எடுத்தார். அன்றிலிருந்து மாஸ்டர் வேறு வழி கண்டுபிடித்தார். பெட்டி அலறினால் பச்சைப் பொத்தானை அழுத்துவார். அலறல் நிற்கும், பட்டை மறுபடி ஓடும், ரொட்டி போய்விடும். அலற அலற அழுத்துவார். நாளாக ஆக, திரும்பிக்கூடப் பார்க்காமல் அழுத்தப் பழகிவிட்டார்.

சனிக்கிழமை நெருங்கியது. அப்பாவின் முகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிளகு பள்ளியிலிருந்து பசியோடு வந்தாள். கடையில் இருந்தது காலையில் அலறி, விற்காமல் மிஞ்சிய ரொட்டிகள்தான். ஒன்றைக் கையில் எடுத்ததும் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"உனக்கு என்னதான் வேணும்? இந்தா, ஆசை தீரக் கத்து!" என்று பட்டையில் வைத்தாள்.

ரொட்டி உள்ளே போனது. வெளியே வந்தது. பெட்டி கம்மென்று இருந்தது.

மிளகு விடவில்லை. திரும்பவும் வைத்தாள். சத்தமே இல்லை. காலையில் ஊரைக் கூட்டிய இன்னொரு ரொட்டியை வைத்தாள். அதற்கும் மூச்சு விடவில்லை.

அந்த நேரம் மாஸ்டர் அடுப்பிலிருந்து சாயங்கால ரொட்டியை எடுத்துப் பட்டையில் வைத்தார்.

"பீஈஈஈங்ங்!"

"மாமா, அதை எனக்குக் குடுங்க!"

"சூடு பாப்பா, கையைச் சுட்டுக்காதே."

மிளகு துணியில் பிடித்து அதை ஜன்னலோரம் வைத்தாள். ஓர் அட்டையால் விசிறிக்கொண்டே வாய்ப்பாடு படித்தாள். ரொட்டி நன்றாக ஆறியதும் கொண்டுபோய் வைத்தாள். சத்தமில்லாமல் போய்ச் சத்தமில்லாமல் வந்தது.

"அப்பா! சூடா இருந்தாத்தான்ப்பா கத்துது! ஆறினா கத்தல!"

அப்பா நம்பவில்லை. தானே வைத்துப் பார்த்தார். சூடான ரொட்டிக்கு அலறல், ஆறிய ரொட்டிக்கு மௌனம். உடனே பொருத்திக் கொடுத்தவருக்குப் போன் போட்டார்.

"ஆமா சார். சூடும் ஈரமுமா இருந்தா, ரொட்டியையே உலோகம்னு நினைச்சுக்கும். ரொட்டிக்கடைக்காரருக்குத் தெரியாதா, ஆறவச்சுத்தான் அனுப்புவீங்கன்னு நினைச்சேன்."

"அடுப்புப் பக்கத்துல கொண்டு வச்சதே நீங்கதானேய்யா!"

"அங்கதானே சார் பிளக் இருந்துது."

அப்பா போனை முறைத்த முறைப்பில் அது உருகியிருக்க வேண்டும். அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீளமான ஒயர் ஒன்று கொண்டுவந்து, எல்லோரும் சேர்ந்து பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய், ரொட்டி ஆறவைக்கும் அலமாரிக்கு அடுத்து வைத்தார்கள்.

சனிக்கிழமை மேலாளர் வந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டுக்கொண்டு, அடுப்பைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், பெட்டிக்கு எதிரே வந்து நின்றார்.

"ம். ஆரம்பிங்க."

ஆறிய ரொட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் பட்டையில் போயின. பெட்டி வாயே திறக்கவில்லை. அப்பாவின் முகம் மலர்ந்தது. மாஸ்டர் மிளகைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"பீஈஈஈங்ங்!"

எல்லோருக்கும் உயிரே போய்விட்டது. மேலாளரின் புருவம் மேலே ஏறியது.

"ஒண்ணுமில்ல மேடம், அதுக்கு அது ஒரு பழக்கம்" என்ற மாஸ்டரின் கை, பழக்கதோஷத்தில் பச்சைப் பொத்தானுக்குப் போனது.

மிளகு ரொட்டியைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

பேசாமல் இருந்துவிட்டால், மேலாளர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். மாஸ்டர் மாமா இங்கேயே இருப்பார். ஆனால் இந்த ரொட்டியும் ஆஸ்பத்திரிக்குப் போகும். காய்ச்சலோடு படுத்திருக்கும் யாரோ இதைக் கடிப்பார்கள்.

"மாமா, அழுத்தாதீங்க! இது ஆறின ரொட்டி!"

மாஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது. மிளகு ரொட்டியை எடுத்து, எல்லோர் முன்னாலும் பிய்த்தாள். ஒரு துண்டு, இன்னொரு துண்டு. மூன்றாவது துண்டில், விரல் நகத்தின் நீளத்துக்கு, முடி மாதிரி மெலிசாக ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

சல்லடைக் கம்பி மாதிரி இருந்தது. அப்பா ஓடிப்போய் மாவு சலிக்கும் சல்லடையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் வலை பிய்ந்து, கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"நான்தான் சலிச்சேன். கவனிக்கல அண்ணே" என்றார் மாஸ்டர். அவர் முகம் வெளுத்துவிட்டது.

அப்பா அவர் தோளில் கை வைத்தார். பிறகு மேலாளரிடம் திரும்பினார்.

"மேடம், இன்னிக்கு ரொட்டி தரமுடியாது. இந்தச் சல்லடையில சலிச்ச மாவுல செஞ்சது மொத்தத்தையும் ஒதுக்கிடறேன். நீங்க வேற கடை பாக்கிறதா இருந்தாலும் சரி."

மேலாளர் அந்தக் கம்பியை உள்ளங்கையில் வைத்து, கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நானும் நிறைய கடைக்குப் போய்ட்டேன்" என்றார். "ஒரு இடத்துலகூட மெஷின் சத்தம் போட்டதில்ல. அடடா, எவ்வளவு சுத்தம்னு நினைச்சுக் கீழ குனிஞ்சு பாத்தா, ஒயரைப் புடுங்கி வச்சிருப்பாங்க."

மிளகுக்குக் களுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது.

"புதுச் சல்லடை வாங்கிடுங்க. திங்கட்கிழமையிலிருந்து ரொட்டி அனுப்புங்க" என்றார் மேலாளர். வாசல் வரை போனவர், திரும்பி மிளகைப் பார்த்தார். "மெஷினுக்குப் பக்கத்துல யாரு நிப்பாங்க? இந்தப் பொண்ணா?"

"அவ பள்ளிக்கூடம் போகணும் மேடம்" என்றார் அம்மா அவசரமாக.

"நான் நிப்பேன் மேடம். கண்ணைக்கூட இமைக்க மாட்டேன்" என்றார் மாஸ்டர்.

மேலாளர் போனதும் மாஸ்டர் மாவு மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, தோளில் கிடந்த துண்டால் பெட்டியின் மேல் படிந்திருந்த மாவைப் பதமாகத் துடைத்துவிட்டார்.

"கத்து ராசா. வேணும்கிறப்ப நல்லாக் கத்து. இனிமே உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

பெட்டி பதில் எதுவும் சொல்லவில்லை. வந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் அதற்குக் கொஞ்சம் மரியாதை தெரிந்திருக்கிறது என்று மிளகு நினைத்துக்கொண்டாள்.