கிழக்கே சாய்ந்த விடுதி

நாமக்கல்லில் பதினெட்டு வருஷமாக போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த தங்கசாமி அன்று மத்தியானம் பதறியடித்து ஓடிவந்தார். ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் அர்த்தநாரியின் மேசையில் கேமராவையும் ஒரு போட்டோவையும் வைத்தார்.

"நான் எடுத்த போட்டோவப் பாருங்க, பொம்பளப் புள்ளைங்க ஹாஸ்டல் சாய்ஞ்சிருக்குதுங்க ஐயா. மாடியில, கிழக்கு ரூம்லதான் எம் புள்ள சாரதாமணி படுக்கறா. கட்டின காண்ட்ராக்டர் சென்னிமலை, உன் லென்ஸுதான் கோணல்ங்கறாரு. எல்லாத்து முன்னாலயும் முன்சுவத்துல நூல்ல தொங்குற தூக்குக்குண்டு விட்டுக் காட்டுனாருங்க. சுவரு நூல் புடிச்ச மாதிரி நேரா இருக்குது. புள்ளையக் கூட்டியாரப் போனா, பரீட்சை நேரத்துல புரளி கெளப்பாதீங்கன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் திருப்பி அனுப்பிட்டாங்க."

அர்த்தநாரியின் உதவியாளன் வேலுமணிக்கு எதிலும் அவசரம். கேமராவைத் தூக்கிப் பார்த்துக் கூவினான். "ஐயா, லென்ஸே ஒரு பக்கமா ஒதுங்கி நிக்குது! சென்னிமலை சொன்னது நெசமுங்க!"

தங்கசாமி கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இவர்களும் கைவிட்டால் அப்புறம் யாரிடம் போவது?

"அது ஷிஃப்ட் லென்ஸுங்க, அப்படித்தான் இருக்கும். உசந்த கட்டடத்துக்குக் கேமராவை மேல பாக்க அண்ணாத்துனா, படத்துல கட்டடத்தோட ரெண்டு ஓரமும் உள்பக்கமாச் சாய்ஞ்சு விழும். இதுல கேமரா மட்டமா நிக்கும். திருகுனா லென்ஸ் மட்டும் மேல நகரும். ஓரம் நேரா விழும்."

அர்த்தநாரி போட்டோவை வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு விடுதிக்குக் கிளம்பினார்.

விடுதி முற்றத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் வசந்தாமணியும் சென்னிமலையும் வந்து நின்றார்கள். தங்கசாமியின் கண் மாடி ஜன்னலை விட்டு அகலவில்லை.

"லென்ஸ் கோணல்னா படத்துல எல்லாமே கோணலா விழணும்" என்றார் அர்த்தநாரி. "பக்கத்துலயே கொடிக்கம்பம் நேரா நிக்குது பாருங்க. கேமராவை அண்ணாத்தியிருந்தா கட்டடத்தோட ரெண்டு ஓரமும் ஒண்ணையொண்ணு பார்த்துச் சாய்ஞ்சிருக்கும். இதுல ரெண்டுமே கிழக்க பார்த்துச் சாய்ஞ்சிருக்குது."

"அப்போ தூக்குக்குண்டு?" என்றான் வேலுமணி.

"முன்சுவத்துல விட்டா, முன்னாலயோ பின்னாலயோ சாய்ஞ்சாத்தான் தெரியும். பக்கவாட்டுல சாய்ஞ்சா தெரியாது. கொத்து வேலையில தொடங்கி காண்ட்ராக்டர் ஆனவருக்கு இது தெரியாமலா இருக்கும்? கிழக்குச் சுவத்துல விடுங்க சென்னிமலை."

சென்னிமலை அசையவில்லை. வேலுமணியே மாடிக்கு ஓடிக் கிழக்குச் சுவரின் உச்சியிலிருந்து குண்டை இறக்கினான். மேலே சுவரோடு ஒட்டியிருந்த நூல், அடியில் சுவரை விட்டு நாலு விரல் தள்ளி நின்றது.  பிள்ளைகளை வெளியே வரவழைக்க வசந்தாமணி மணி அடிக்க ஓடினார்.

"கிழக்கு மூலை பழைய கெணத்தைத் தூர்த்த எடமுங்க. இப்படி எறங்கும்னு எனக்கு இப்பத்தான் தெரியுது, சத்தியமா" என்றார் சென்னிமலை.

பெண்பிள்ளைகள் தடதடவென்று படியிறங்கினார்கள். தங்கசாமி படிக்கட்டை நோக்கி ஓடினார். கடைசியாக வந்த சாரதாமணியை அள்ளிச் சுவரிலிருந்து தூரமாக இழுத்துப் போனார்.

"என்ற கூட ரூம்ல இருந்த பூவாத்தா நல்லவேளை தப்பிச்சுட்டாங்கப்பா. அவ ஊருக்குப் போயிட்டாளே" என்றவள் சென்னிமலையைக் காட்டினாள். "இவரோட அக்கா மகதானுங்க. போன வாரம் இவரே வந்து கூட்டிட்டுப் போனாரு. போறப்ப, நீயும் வந்துரு புள்ளைன்னு அழுதா. ஏன்டின்னு கேட்டா, மாமா சொல்லக் கூடாதுன்னுட்டாருன்னா."

"அப்போ போன வாரமே இவருக்குத் தெரிஞ்சிருக்குது!" என்றான் வேலுமணி. தங்கசாமி மகளை அர்த்தநாரியின் பக்கத்தில் நிறுத்திவிட்டுச் சென்னிமலையை நோக்கி நடந்தார்.