நிறைவில்லை

மணி பன்னிரண்டரை. ஊர்ப்பந்திக் கூடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பிள்ளைகூடத் தட்டைத் தட்டவில்லை, அடுத்தவனை இடிக்கவில்லை, சாம்பார் என்ன சாம்பார் என்று எட்டிப் பார்க்கவில்லை.

கூரையில் ஓடிய தண்டவாளத்தில் பரிமாறும் இயந்திரம் நகர்ந்து வந்தது. ஒவ்வொரு தட்டின் மேலும் ஒரு நொடி நின்றது. அந்தப் பிள்ளைக்கு எவ்வளவோ அவ்வளவு சோற்றை இறக்கிவிட்டு அடுத்த தட்டுக்குப் போனது. கடைக்காரர் மகனுக்கு மூன்று கரண்டி. அவனுக்குப் பக்கத்தில் இருந்த உப்பளத் தொழிலாளி மகள் பேச்சிக்கு ஒரே கரண்டி. பேச்சி அவன் தட்டைப் பார்க்கவில்லை. ஏக்கம் இருந்தால்தானே பார்ப்பதற்கு.

கதவோரம் நின்று எஸ்தர் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர்ப்பந்தியின் பழைய சமையல்காரி அவள். இப்போது சமையலும் இயந்திரம்தான். அண்டா அடி பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு மனுஷி வேண்டும் என்று அவளை மட்டும் வைத்திருந்தார்கள். வாசலில் இருந்த பசிப்பலகையில் பெரிய பச்சை எழுத்துகள் எரிந்தன: 'வெள்ளோடையில் பசித்திருப்போர்: 0'. அதன் கீழே சின்னதாக: 'நாள் 1127'.

இது கெட்ட எண்ணத்தில் தொடங்கிய காரியம் இல்லை. அப்படிச் சொல்பவன் நாக்கு அழுகிவிடும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் புயல் வந்து உப்பளங்கள் மூழ்கிப்போயின. இரண்டு வருஷம் வேலை இல்லை. ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் காலை வழிபாட்டின்போது ஏழு பிள்ளைகள் அடுத்தடுத்து மயங்கி விழுந்தார்கள். ஊருக்கே அது பெரிய அவமானமாகிவிட்டது. வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போட்டார்கள். அந்தப் பிடியரிசியில் பிறந்ததுதான் ஊர்ப்பந்தி. பள்ளிக்கூடம் முதல் கல்லூரி வரை எந்தப் பிள்ளையும் வந்து உட்காரலாம், சாதி கேட்பதில்லை, சான்றிதழ் கேட்பதில்லை.

ஆனாலும் ஒரு சிக்கல் இருந்தது. பசிக்கிற பிள்ளை பசிக்கிறது என்று சொல்லாது. சாப்பிட்டியா என்று கேட்டால் சாப்பிட்டாச்சு என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்ளும். அதைக் கண்டுபிடிக்கத்தான் இசக்கிராஜா ஒரு கருவி செய்தார். ஊர்க்காரர், படித்த பொறியாளர், சின்ன வயதில் தானும் பட்டினி கிடந்தவர். பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வில்லை, தொப்புளுக்கு மேலே ஒட்டிக்கொள்ள வேண்டியது. வயிற்றுக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் நரம்பை அது ஒட்டுக்கேட்கும். பசி வந்தால் சமையலறைக்குச் சொல்லும். சோறு வரும் வரை தணிப்பலை என்று ஒன்றை அனுப்பிப் பசியை அமர்த்தியும் வைக்கும், பிள்ளை பாடத்தைக் கவனிக்கலாம் அல்லவா. நிறைவைச் சொல்லும் வில்லை, ஆகவே நிறைவில்லை என்று பெயர் வைத்தார்.

"நிறை வில்லையா, நிறைவு இல்லையா? சேத்து எழுதினா ரெண்டும் ஒண்ணுதானய்யா" என்றார் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர். ஊரே சிரித்தது. எல்லாரையும் விட அதிகம் சிரித்தவர் இசக்கிராஜாதான்.

பிள்ளைகளுக்கு ஒட்டினார்கள். பிறகு ஆசிரியர்கள், பிறகு பெரியவர்கள், பிறகு அந்தக் கரையோரம் இருந்த பதினான்கு ஊர்கள். பசியை எதற்கு வீணாகச் சுமக்க வேண்டும்? அடுப்படிச் சூட்டில் வில்லை உரிந்து விழுகிறது என்பதால் எஸ்தருக்கு மட்டும் ஒட்டவில்லை.

அன்றைக்குச் சாப்பிட்டு முடித்துக் குழாயடிக்குப் போன பேச்சி, தட்டோடு அப்படியே சரிந்து விழுந்தாள். எஸ்தர் ஓடிப்போய்த் தூக்கினாள். இருபது கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிப் பழகிய கை அது. பதினோரு வயதுப் பேச்சி அந்த மூட்டை அளவுக்குத்தான் இருந்தாள்.

"ஏட்டி பேச்சி, என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல அத்த. கண்ணு இருட்டிட்டு வந்துச்சு."

"பசிக்கா?"

பேச்சிக்குக் கேள்வியே விளங்கவில்லை. "வயிறு நெறஞ்சுல்லா இருக்கு" என்றாள். பாவாடை இடுப்பில் நிற்காமல் இரண்டு ஊக்கு குத்தியிருந்தது.

எஸ்தர் நேரே கூடத்தின் பின்னறைக்குப் போனாள். இசக்கிராஜா திரை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, அந்தப் புள்ளைக்கு ஒரு கரண்டி காணுமா? வளருத புள்ள."

அவர் திரையைத் தட்டினார். "நிறைவு நூத்துக்கு நூறு காட்டுது, எஸ்தரு. அவளுக்கு அவ்வளவுதான் வேணும்."

"யாரு சொன்னா?"

"அவளேதான். மொதப் பந்தி அன்னைக்கு வில்லைய ஒட்டிட்டுச் சாப்பிடச் சொல்லுவோம்லா? புள்ள எப்ப போதும்னு சொல்லுதோ அந்த நொடி வயிறு எப்படி இருக்குன்னு வில்லை பாத்துக்கிடும். அதுதான் அந்தப் புள்ளைக்கு நிறைவு. அதுக்குப் பொறவு மாறாது. வயசுக்குத் தக்கன மட்டும் கூட்டிக் கொறச்சுக்கிடும்."

எஸ்தர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"போதும்னு சொன்னா நிப்பாட்டிருவீயளா?"

"பின்ன?"

"நீங்க எந்த ஊர்ல அண்ணாச்சி பொறந்தீய? மொதப் போதும் மரியாதைக்கு. ரெண்டாவது போதும் வெக்கத்துக்கு. மூணாவதுதான் வயித்துக்கு. கரண்டி புடிச்ச எனக்குத் தெரியும், ஒங்க மிசினுக்கு யாரு சொல்லுவா? ஊர்ச் சோத்துல ஆசப்படாத, வீட்டு மானத்த வாங்காதன்னு சொல்லித்தான் ஒவ்வொரு தாயும் புள்ளைய அனுப்பியிருப்பா. இல்லாத வீட்டுப் புள்ள ஒரு கரண்டியிலயே போதும்னுருக்கும். இருக்கப்பட்ட வீட்டுப் புள்ளதான் இன்னும் வையின்னு கேட்டுருக்கும்."

இசக்கிராஜா பட்டியலை ஓடவிட்டார். ஒரு கரண்டிக்காரர்களின் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. உப்பளத் தெரு, உப்பளத் தெரு, மீனவர் குடியிருப்பு, உப்பளத் தெரு. யாருக்காக ஊர்ப்பந்தி தொடங்கினார்களோ, அத்தனை பேரும் அதில் இருந்தார்கள்.

"நீங்க மொதப் பந்தியில எவ்வளவு சாப்டீய?" என்று எஸ்தர் கேட்டாள்.

"நானா? தொடக்க விழா அன்னைக்கு. மேடையில வச்சு..." அவர் நிறுத்தினார். "விருந்து வைக்கிறவன் மொதல்ல சாப்பிடலாமா? ஒரு வாய் வச்சுட்டுப் போதும்னேன்."

அவர் கை தானாக இடுப்புவாருக்குப் போனது. அதில் அவரே ஆணியால் போட்டிருந்த ஓட்டைகள் நாலைந்து இருந்தன. வேலை மும்முரத்தில் இளைத்துவிட்டோம் என்றுதான் மூன்று வருஷமாக நினைத்திருந்தார்.

நல்ல மனுஷர். மறைக்கவில்லை, மழுப்பவில்லை. மறுநாள் காலையிலேயே எல்லாப் பிள்ளைகளின் வில்லையையும் அணைத்தார். பசி வந்ததும் கையால் பரிமாறலாம், மூன்று தடவை கேட்டுப் போடலாம் என்று ஏற்பாடு. எஸ்தர் விடியற்காலையிலேயே வந்து, நாலு வருஷத்துக்குப் பிறகு தானே சமைத்தாள். முட்டையும் அவித்தாள்.

பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்து படம் வரைந்தார்கள். பத்து மணி ஆனது. பன்னிரண்டானது. மூன்றானது. யாரும் சோறு கேட்கவில்லை. அழவில்லை, சிணுங்கவில்லை.

எஸ்தர் கரண்டியோடு பேச்சி முன்னால் உட்கார்ந்தாள். ஒரு கரண்டி இறங்கியது. "இன்னும்?"

"போதும் அத்த."

"கொஞ்சூண்டு?"

"போதும்."

"அத்தைக்காவ, ஏட்டி."

"நெசமாவே போதும்" என்றாள் பேச்சி. முகத்தில் மரியாதையும் இல்லை, வெட்கமும் இல்லை. வற்புறுத்தி ஊட்டிய முட்டையை இரண்டு நிமிஷத்தில் வாந்தியெடுத்தாள்.

"நரம்பு மறந்துட்டு" என்றார் இசக்கிராஜா. "வாசல்ல நின்னு கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தவன், கதவு தெறக்கலன்னா போயிருவான்லா? அந்த மாதிரி பசியும் போயிருச்சு."

கூடம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. நீளமாக, கரகரவென்று, அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாய் போல. நானூற்றுப் பன்னிரண்டு தலைகளும் திரும்பின. சின்னப் பிள்ளைகள் சிலர் பயந்து பக்கத்தில் இருந்தவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

பேச்சி எஸ்தரின் வயிற்றையே பார்த்தாள். "அத்த, ஒங்களுக்குள்ள என்னமோ பேசுது."

பிள்ளைகள் சாப்பிடாமல் தான் எப்படிச் சாப்பிடுவது என்று எஸ்தர் முந்தின ராத்திரியில் இருந்து பச்சைத் தண்ணீரோடு இருந்தாள். எப்போதுமே அவள் அப்படித்தான், எல்லாரும் எழுந்த பிறகு அண்டாவின் அடியில் மிஞ்சியதைச் சாப்பிட்டே நாற்பத்தாறு வயதைத் தாண்டியவள்.

இசக்கிராஜா எழுந்து நின்றார். அவர் கண்ணில் உயிர் வந்திருந்தது.

"எஸ்தரு, இந்தக் கரையில இப்ப பசிக்கிற ஒரே ஆளு நீதான். ஒனக்கு ஒரு புது வில்லை ஒட்டுதேன். உண்மையான பசியில தொடங்கி, உண்மையிலேயே வயிறு நெறயுத வரைக்கும் நீ சாப்பிடு. அத அப்படியே நகலெடுத்து எல்லாப் புள்ளைங்க வில்லைக்கும் அனுப்புனா, அந்த நரம்புகளுக்குப் பசின்னா என்னன்னு திரும்பப் படிச்சுக் கொடுத்துரலாம்."

"செய்யுங்க அண்ணாச்சி. இதுக்கு என்ன யோசன?"

"ஒண்ணே ஒண்ணு. போதும்ங்கிற வார்த்த காதுல விழுந்த நொடி வில்லை பூட்டிக்கிடும். ஒடனே நகலும் புள்ளைங்களுக்குப் போயிரும், தணிப்பலையும் ஓட ஆரம்பிச்சிரும். பொறவு வில்லைய அணைச்சாலும் ஒனக்குப் பசி திரும்பாது. அதையெல்லாம் தனித்தனியா பிரிக்க முடியாது, நான்தான் அப்படிச் செஞ்சு வச்சேன். ஒரே ஒரு தடவதான், தாயி. முழுசா நெறயுத வரைக்கும் அந்த வார்த்தைய மட்டும் சொல்லிராத."

"சொல்ல மாட்டேன்" என்றாள் எஸ்தர். பேச்சியின் மெலிந்த மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

வில்லையை ஒட்டியதும் வாசலில் பசிப்பலகை மாறியது. 'பசித்திருப்போர்: 1'. எழுத்து சிவப்பானது. யாரும் நினைத்தே பார்க்காத அபாயச் சங்கு ஒன்று ஊரின் மேல் ஊளையிட்டது. ஆயிரத்து நூற்று இருபத்தெட்டு நாளில் முதல் தடவை. ஜனங்கள் கடையை விட்டு, வலையை விட்டு, உப்பளத்தை விட்டு ஓடி வந்தார்கள். யாரோ ஒருவர் பசித்திருக்கிறார். அதைத் தாங்க முடியாத நல்ல ஊர் அது.

கூடம் நிரம்பிவிட்டது. எஸ்தரை நடுவில் உட்காரவைத்துச் சுற்றி நின்றார்கள். "அய்யோ பாவம்" என்று ஒருத்தி அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். எல்லாரும் ஒல்லியாக இருந்தார்கள், எல்லார் முகமும் சாந்தமாக இருந்தது.

இசக்கிராஜா கையாலேயே பரிமாறினார். முதல் கரண்டி போன இடம் தெரியவில்லை. வேக வேகமாக அள்ளினாள். நாக்கில் சாம்பாரின் புளிப்பு ஏறியதும் வயிறு இன்னும் உரக்கக் கேட்டது. இரண்டாவது கரண்டியில் பாதி போயிற்று. பசி அடங்கவே இல்லை, இப்போதுதான் விழித்திருந்தது. இன்னும் நாலு கரண்டி வேண்டும், ஐந்தும் ஆகலாம்.

சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லை. ஊரே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இம்புட்டா?" என்றது ஒரு சின்னப் பிள்ளை, ஆச்சரியத்தில். அதன் தாய் வாயைப் பொத்தினாள். "சும்மா இரி. பசிச்சிருக்குல்லா, திங்கட்டும்."

எஸ்தருக்குக் காது மடல் சுட்டது. குனிந்தபடியே மென்றாள். ஊர் முன்னால் உட்கார்ந்து அவள் சாப்பிட்டதே இல்லை. வருஷக்கணக்காக இதே கூடத்தில் நின்று மற்றவர்களுக்குப் போட்டவள். இப்போது பிள்ளைகளின் தட்டெல்லாம் அப்படியே இருக்க, அவள் ஒருத்தி மட்டும் பிடிப்பிடியாய் அள்ளித் தின்கிறாள். சாம்பார் முழங்கையில் வழிந்தது. முந்தானையால் துடைத்தாள். சொல்லக் கூடாது, சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இசக்கிராஜா மூன்றாவது கரண்டியோடு குனிந்தார். பதற்றத்தில் அவருக்கும் பழக்கம் முந்திக்கொண்டது. பந்தியில் எல்லாரும் கேட்பதைக் கேட்டுவிட்டார்.

"இன்னும் கொஞ்சம்?"

கைதான் முதலில் போனது. விரல்களை அகல விரித்துத் தட்டை மறைத்துக்கொண்டது. பிறகு வாய் சொன்னது, சிரித்த முகமாக, நல்லவிதமாக வளர்க்கப்பட்ட எந்தப் பெண்ணும் சொல்வதைப் போல.

"போதும், போதும் அண்ணாச்சி."

வில்லை க்ளிக் என்றது.

வாசலில் பலகை பச்சையானது. 'பசித்திருப்போர்: 0'. ஜனங்கள் கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கூடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு சட்டைகளுக்குள் நானூற்றுப் பன்னிரண்டு சின்னப் பச்சை விளக்குகள் ஒன்றாக எரிந்தன. எஸ்தரின் நிறைவு போய்ச் சேர்ந்துவிட்டது. பிள்ளைகளின் வயதுக்குத் தக்கபடி குறைத்தால் அது ஒரு கரண்டி வந்தது. பேச்சிக்கு ஒரு கரண்டி. இனிமேல் கடைக்காரர் மகனுக்கும் ஒரு கரண்டி.

இசக்கிராஜா கரண்டியை நீட்டியபடியே நின்றார். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

எஸ்தர் அலறத்தான் நினைத்தாள். பதறிப்போய்த் தட்டில் இருந்ததை அள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள். வாய் திறக்கவில்லை. எதற்காக இதைத் தின்ன வேண்டும் என்று வயிறு அமைதியாகக் கேட்டது. இவ்வளவு நேரம் உள்ளே இருந்தது போய்விட்டது. அது இருந்த இடம்கூடத் தெரியவில்லை.

பேச்சி எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். எஸ்தரின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள்.

"இப்ப பேசல அத்த. நல்லாயிருச்சா?"

எஸ்தர் அவள் தலையில் கை வைத்தாள். ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லத்தான் நினைத்தாள், ஆனால் சொல்ல வந்தது அவளுக்கு உண்மையாகவே இருந்தது.

"நல்லாயிருச்சுட்டி" என்றாள். "வயிறு நெறஞ்சிருக்கு."