அறுபத்திரண்டாம் பக்கத்து விஷம்

டிர்ர்ரிங்...

கொலைச்செம்மல் பேனாவை மூடிவிட்டுப் போனை எடுத்தார்.

'கொலைச்செம்மல்' வாசகர்கள் கொடுத்த பட்டம். முப்பது வருடத்தில் நானூறு க்ரைம் கதைகள்... எழுநூறு பிணங்கள்! அன்று மாலை டி.வி. விவாதத்தில் அவர் முழங்கப்போகும் தலைப்பு, 'வன்முறை வீடியோ கேம்களைத் தடை செய்!'

கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல்தான்!

"சார், இன்ஸ்பெக்டர் பேசறேன். கேம் சென்டர் ஓனருக்குக் காபியில விஷம் வச்சிருக்காங்க!"

"ஐயோ! யாரு மேடம்?"

"கூடவே வேலை பார்த்த மச்சான். கடை தன் கைக்கு வரணும்னு ஆசை. எங்க கத்துக்கிட்டான்னு கேட்டோம். சொன்னான்... நேர்ல வாங்க."

லைன் கட்!

பாவம் ஒரு மனிதன்... என்று நினைப்பதற்குள், விவாதத்துக்கு ஓர் உதாரணம் சிக்கியதே என்று மனசு குதித்தது. 'சீ' என்று அதட்டினார். அடங்கவில்லை.

கேம் சென்டர்.

இருபது திரைகள். எல்லாவற்றிலும் சுட்ட கையோடு உறைந்து நிற்கும் சிப்பாய்கள். தரையில் கவிழ்ந்த காபி கப்.

சுழல் நாற்காலியில் கைவிலங்கோடு இருந்த மச்சான் அவரைப் பார்த்ததும் துள்ளி எழுந்தான்.

"சார்... நீங்களா!"

"சொல்லுப்பா. எந்த கேம் உன்னைக் கெடுத்துச்சு?"

"கேமா? எனக்குத் தலை சுத்தும் சார். நான் கதைதான் படிப்பேன்!"

இன்ஸ்பெக்டர் மடித்த புத்தகம் ஒன்றை நீட்டினார். அறுபத்திரண்டாம் பக்கம்.

'காபியில் நிலாவாரைச் சாறு... நாலே நிமிடம்... மரணம்!'

அவருடைய வரி. அவருடைய மூன்று புள்ளிகள். அவருடைய ஆச்சரியக்குறி!



"மேடம்... அப்போ நான்தான் அவரைக் கொன்னுட்டேனா?"

"இந்த விஷத்தைப் பத்தி எங்க படிச்சீங்க?"

"எங்கயும் படிக்கல... பேரு அழகா இருந்துச்சு. எழுதிட்டேன்."

"கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே நின்னேன் சார்," என்றான் மச்சான் மனக்குறையோடு. "நாலு நிமிஷம்னீங்க. நாற்பது ஆச்சு!"

படார்!

கழிவறைக் கதவு திறந்தது. சுவரைப் பிடித்தபடி, வெளுத்த முகத்தோடு ஓர் உருவம்.

கேம் சென்டர் ஓனர்!

"எழுதினது இந்த ஆளுதானா?"

"உ... உயிரோட இருக்கீங்களா?"

"காலையிலேர்ந்து பதினோரு தடவை போயிட்டு வந்துட்டேன். இதுக்குப் பேரு உயிரா?" சொல்லிக்கொண்டே வயிற்றைப் பிடித்தவர் மறுபடி உள்ளே ஓடினார்.

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கினார். "நிலாவாரை விஷமில்ல சார். பேதி மருந்து! டாக்டர் பார்த்துட்டார், ஆபத்தில்லை."

கொலைச்செம்மல் பொத்தென்று நாற்காலியில் விழுந்தார். கண்ணில் நீர் முட்டியது. எழுநூறு பேரைக் கொன்றபோது வராத நீர்!

"கேமைத் தடை பண்ணச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை மேடம்? முதல்ல என்னைத் தடை பண்ணணும். இனிமே ஒரு வரி எழுதமாட்டேன்!"

"ஐயையோ, அப்படியெல்லாம் நிறுத்திடாதீங்க!" பதறினார் இன்ஸ்பெக்டர். "இன்னும் நிறைய எழுதுங்க சார்... கொலைகாரங்க எல்லாரும் உங்களையே படிச்சா, ஊர்ல ஒருத்தன்கூட சாகமாட்டான்!"